பந்து உருட்ட எவ்வளவு நேரம்

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன் வேல்சாமி, மருமகள் சுகந்தி, பேத்தி சுபாஷினி, இட்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட எதிர்வீட்டு மேரி டீச்சர். நானும் இருந்தேன். ஆனால் அவர்கள் பேச்சில் நான் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவுலிங் போகிறார்களாம். சுபாவுக்கு வேலையில் பதவி உயர்வு வந்திருக்கிறது, அதற்கு விருந்து என்று வேலு சொன்னான். சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சின்ன வயதில் நல்லெண்ணெய்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டுப் பூனைமேல் பழியைப் போட்டபோதும் இப்படித்தான் கூரையைப் பார்த்தான்.

"பத்து மணிக்குக் கிளம்புனா அஞ்சு மணிக்குத் திரும்பிரலாம்," என்றான்.

"அவ்வளவு நேரமா?" என்று டீச்சர் கேட்டாள். "எங்க பசங்க போனா ரெண்டு மணி நேரத்துல வீட்ல இருப்பாங்களே."

"ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும் டீச்சர்," என்று சுகந்தி முந்திக்கொண்டாள். "ஷூ மாத்தணும், வரிசையில நிக்கணும், சாப்பிடணும். அதான், நடுவுல நீங்க ஒரு தடவை வந்து அத்தையைப் பாத்துட்டுப் போனீங்கன்னா..."

தை மாதம் குளியலறையில் எனக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் என்னை எவ்வளவு நேரம் தனியாக விடலாம் என்று பார்த்துத்தான் நேரம் போடுகிறார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகிறவர்கள் மாதிரி.

நீயும் வாறியா என்று ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு.

ஜூன் 9, திங்கள்

பவுலிங் என்றால் கிரிக்கெட்டில் எறிவது என்று நினைத்திருந்தேன். இது உருட்டுவதாம். சாயந்திரம் சுபா வேலை முடிந்து வந்ததும் காலித் தண்ணீர் பாட்டில்களைக் கூடத்து மூலையில் முக்கோணமாக நிறுத்தினாள். பந்துக்குப் பதில் சமையலறையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"உருட்டுங்க ஆச்சி. குடுமி பக்கவாட்டுல இருக்கட்டும், இல்லைன்னா கோணலா ஓடிரும்."

முதல் தடவை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவது தடவை நன்றாகக் குனிந்து, மூச்சைப் பிடித்து உருட்டினேன். படபடவென்று எல்லா பாட்டிலும் சாய்ந்தது. சுபா கத்திய கத்தலில் சுகந்தி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அத்தை எங்கயாவது விழுந்துட்டாங்களா?"

"இல்லம்மா, ஆச்சி எல்லாத்தையும் விழுத்தாட்டிட்டாங்க!"

நான் சிரித்தேன். இந்த வீட்டில் என் சிரிப்பை நானே கேட்டு நாளாகிறது.

"ஏட்டி, நிசமா ஆடுனா ஒரு ஆட்டத்துக்கு எம்புட்டு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"ஆளுக்குப் பத்து நிமிஷம்னு வச்சுக்கோங்க ஆச்சி. நம்ம மூணு பேருக்கு அரை மணி நேரம். போக வர ஒரு மணி நேரம். ஒரு லேன்ல, அதான் பந்து ஓடுற பாதையில, ஆறு பேர் வரைக்கும் ஆடலாம்."

"அப்ப மிச்ச நேரமெல்லாம்?"

அவள் முகம் சட்டென்று மாறியது. பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். "அப்பாதான் எல்லாம் போட்டிருக்காங்க," என்றாள்.

ஆறு பேருக்கு ஒன்று போதும் என்றால் வேலு எதற்கு போனில் "ரெண்டு லேன் சொல்லியாச்சு" என்று யாரிடமோ சொன்னான்? நான் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

சுகர் பார்க்கப் போனோம். புது நர்ஸ். பெயர் கேட்டாள், பிச்சம்மாள் என்றேன். வீட்டுக்காரர் பெயர் கேட்டாள். நான் சுகந்தியைத் தேடினேன், அவள் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

அவுக பெயரை நான் வாயால் சொன்னதில்லை. தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை, அவுக போய்ச் சேர்ந்த பிறகும் சொன்னதில்லை.

"கழுகுமலையில இருக்கிற சாமி பேரும்மா," என்றேன்.

"முருகனா பாட்டி?" என்று எழுதியே விட்டாள். சுகந்தி வந்துதான் திருத்தினாள். வெளியே வரும்போது, "இன்னும் எதுக்கு அத்தை இதெல்லாம்? மாமாவே இல்ல," என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும். அந்தப் பெரிய குடும்பத்தில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்று நினைத்தது அவுக ஒருத்தர்தான். அந்த மரியாதைக்குத்தான் வாயை மூடி வைத்திருக்கிறேன்.

டாக்டர் என் இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். "முட்டியெல்லாம் உங்க மருமகளைவிட நல்லா இருக்கும்மா," என்று சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுகந்தி வேலுவிடம் தாழ்ந்த குரலில் பேசினாள். "முழங்கால் வலி, எழுந்திருக்கவே முடியலைன்னு சொல்லிக்கலாம். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

யாருக்கு வலி என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் யாரும் கேட்கவில்லை.

ஜூன் 14, சனி

சுகந்தி மல்லிகைப்பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். சுபா அழகு நிலையத்துக்குப் போய் வந்தாள். பட்டுச்சேலை இஸ்திரிக்குப் போய் வந்தது. பந்து உருட்ட இவ்வளவு ஜோடனை வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் பீரோவைத் திறந்து மாங்காய்க்கரை போட்ட என் அரக்குச் சேலையை எடுத்து மேலே வைத்தேன். காற்றாடட்டும் என்றுதான்.

வீட்டோடு எல்லோரும் கிளம்புகிற சத்தம் கேட்டாலே எனக்குக் குற்றாலம் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது வேலு இடுப்புக் குழந்தை. கோவில்பட்டியில் இருந்தோம். என் மாமியார் படுக்கையில் விழுந்து, நான்தான் எல்லாம் பார்த்தேன். அந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது என்று வேன் பேசினார்கள். அன்று ஒருநாள் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் ஒத்துக்கொண்டிருந்தாள். நான் அருவியைப் பார்த்ததே இல்லை. விடியுமுன் எழுந்து ஒரு பெரிய சட்டி புளிச்சோறு கிண்டினேன். அவுக பிள்ளையையும் சோற்றுச் சட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். மாமியாருக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

தெருமுனைக்குப் போனால் வேன் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜன்னலோரம் என் நாத்தனார் ஆறுமுகத்தாய், அவுக கூடப்பிறந்த தங்கை. என் பிள்ளை அவள் மடியில். நான் கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். டாட்டா காட்டுகிறாளாம். வேன் நிற்கவில்லை. அன்று கட்டியிருந்தது நீலச் சுங்குடி. மறுபடி அதைக் கட்டவில்லை.

ராத்திரி வந்ததும் அவுகதான் சொன்னார்கள்: "ஆறுமுகத்தாய் நேரமாச்சு நேரமாச்சுன்னு பறந்தா. வண்டிய எடுக்கச் சொல்லிட்டா." சொல்லிவிட்டுத் தோள் துண்டில் முடிந்து வைத்திருந்த ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்கள். மற்றவர்களெல்லாம் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கென்று கொண்டுவந்தது அவுக ஒருத்தர்தான்.

அன்றிலிருந்து ஆறுமுகத்தாய் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. அவள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன், சாப்பிடாமல் வந்தேன். அவள் வீட்டுக்காரர் செத்ததற்குப் போனேன், அவள் கையைப் பிடிக்காமல் வந்தேன். அவளும் இப்போது இந்த ஊரில்தான் மகன் சுப்பையாவோடு இருக்கிறாள். இருக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் குளித்து அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போறீங்களா அத்தை?"

"ஆமா," என்றேன்.

"தனியாப் போகாதம்மா," என்றான் வேலு. "டீச்சர் வந்ததும் அவுக கூடப் போ. சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு."

சுபா பட்டுச்சேலையும் பூவுமாக நின்றாள். கதவுவரை போனவள் திரும்பி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பந்து உருட்டப் போகிறவள் யார் காலையாவது தொட்டுக் கும்பிடுவாளா? தலையில் கை வைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்நேரம் செருப்பு மாற்றியிருப்பார்கள். இந்நேரம் மூன்று பேரும் ஆடி முடித்திருப்பார்கள். இனி வீட்டுக்கு வரவேண்டியதுதான். வரவில்லை. டீச்சர் வந்தாள், நான் உயிரோடு இருப்பதைப் பார்த்தாள், போனாள். தேங்காயை எடுத்து வந்து ஒருமுறை உருட்டிப் பார்த்தேன். நிறுத்தி வைக்க ஆள் இல்லாமல் அது சுவரில் போய் முட்டி நின்றது.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது மணி அடித்தது. டீச்சர்தான் என்று திறந்தேன். ஆறுமுகத்தாய் நின்றாள்.

தலை முழுக்க வெள்ளை. மெலிந்து போயிருக்கிறாள். மூச்சு வாங்கியது. உள்ளே வா என்று நான் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை, வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"முழங்கால் எப்பிடி இருக்கு மதினி?"

"யாரு முழங்காலு?"

"உங்க முழங்கால்தான். எந்திரிக்கவே முடியல, அதான் வரலன்னு சுகந்தி சொன்னா. நீங்க என்னன்னா நடந்து வந்து கதவத் தொறக்கீக."

வலி யாருக்கு என்று இப்போது தெரிந்தது. "இப்பத் தேவலை," என்றேன்.

"நல்லவேளை. எனக்கு அங்க மனசு ஓடல. வெயிலு தாங்கல, வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சு நேரா இங்க வந்துட்டேன். பேத்தியப் பொண்ணு பாக்குற அன்னைக்கு ஆச்சி இல்லாம என்ன மதினி?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் நிறுத்தாமல் பேசினாள்.

"காப்பித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன், பவுலிங்லதான் பாப்பேன்னு உங்க பேத்தி சொல்லிட்டாளாமே. ரெண்டு வீட்டுக்கும் வீட்டுக்கொரு பாதையாம், உருட்டோ உருட்டுன்னு உருட்டுதுக. எம் பேரன் ஹரிராமு உருட்டுற பந்தெல்லாம் ஓரத்துக் குழிக்குள்ளதான் போகுது. உங்க பேத்தி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா. நம்மள பாக்க வந்தப்ப நாம பல்லக் காட்டியிருந்தா தோல உரிச்சிருப்பாக. ரெண்டுக்கும் பிடிச்சுப் போச்சு மதினி. பாத்தாலே தெரியுது."

"தெரியும்," என்றேன். "எங்கிட்ட கேக்காமலா செய்வாக?"

ஆறுமுகத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சேலையைப் பார்த்தாள், கரையிலிருந்து மடிப்புவரை. அவள் முட்டாள் இல்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தான சொன்னாக," என்றாள். "தலைவலி, அவ வரலன்னு."

"என்னைக்கு?"

"குத்தாலம் போனமே. அண்ணன் வந்து வேன்ல ஏறுனாக, பிள்ளைய எம் மடியில போட்டாக. மதினி எங்கன்னேன். அவளுக்குத் தலைவலி, வரலையாம், வண்டிய எடுன்னாக. பாத்தா நீங்க தெருமுனையில ஓடி வாரீக. நான் கையக் கைய ஆட்டி, ஜன்னல்ல தட்டி, அண்ணே மதினி வாராக, நிப்பாட்டச் சொல்லுங்கன்னு கத்துறேன். அண்ணன் உங்களத் திரும்பிப் பாத்தாக."

"பாத்தாகளா?"

"பாத்தாக மதினி. வழியனுப்ப வந்திருக்கா, நீ போப்பான்னு டிரைவர்ட்ட சொன்னாக. அம்மாவ அசலார் கையில விட்டுட்டு வீட்டோட ஊர் சுத்தப் போனோம்னு பேச்சு வந்துரும்னு அவுகளுக்குப் பயம். அத உங்க முகத்துக்கு நேர சொல்லத் தெம்பு இல்ல. அருவிக்கரையில அந்தப் புளிச்சோறு எனக்கு எறங்கல."

சுவரில் இருந்த அவுக படத்தைப் பார்த்தேன்.

"உங்ககிட்டயும் சொல்லியிருப்பாகன்னுதான் நெனச்சேன்," என்றாள். "அதுக்கப்புறம் நீங்க என் வீட்டுப் பச்சத்தண்ணி குடிக்கல. என்ன தப்புச் செஞ்சோம்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மதினி."

அவள் தண்ணீர் கேட்டாள், கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொம்பை என் பக்கம் நீட்டினாள். மிச்சத்தை நான் குடித்தேன்.

போகும்போது, "நான் வந்தேன்னு பிள்ளைகட்ட சொல்ல வேண்டாம். அவுகளாச் சொல்லட்டும்," என்றாள். லிஃப்டுக்குள் நின்று கையை ஆட்டினாள். இந்தத் தடவை நானும் ஆட்டினேன்.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சொன்ன நேரம் தப்பவில்லை. வேலு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் கையில் வைத்தான்.

"டோனட்மா. உனக்குன்னு தனியா வாங்கினேன்."

"ஆட்டம் எப்பிடி?"

"ஒரே கூட்டம்மா." மின்விசிறியைப் பார்த்தான். "ஷூ வாங்கவே எம்புட்டு நேரம் தெரியுமா."

பெட்டியைத் திறந்தேன். மேலே ரோஸ் நிறத்தில் சர்க்கரைப் பாகு. நடுவில் ஒன்றுமில்லை. எனக்கு மங்குஸ்தான்தான் ஞாபகம் வந்தது, அந்த ஊதாத் தோலும், அதை உடைக்கும்போது விரலில் ஒட்டிய கறையும். இரண்டு நாள் கறை போகாமல் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வேலு பார்த்துக்கொண்டே நின்றான். தின்றேன். அன்றும் தின்றேன்.

ஜூன் 16, திங்கள்

சுபா வேலைக்குப் போகவில்லை. சுகந்தி காய் வாங்கக் கீழே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் விரல்களைப் பிடித்து நெட்டி முறித்தாள். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

எல்லாம் சொன்னாள். ஹரிராமோடு ஆறு மாதமாகப் பழக்கமாம். தாத்தா தங்கச்சி வீடு என்றால் ஆச்சி சாமி வந்த மாதிரி ஆடுவாங்க, முதலில் முடிவு செய்துவிட்டு மெதுவாகச் சொல்லலாம் என்று வேலு பயந்தானாம்.

"நீங்க வேண்டாம்னா வேண்டாம் ஆச்சி," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். வேண்டாம் என்று நான் சொன்னால் தாங்கமாட்டாள்.

"பந்த ஓரத்துக் குழிக்குள்ள விடுற பயலுக்கா நீ கழுத்த நீட்டப் போற? மொதல்ல உருட்டச் சொல்லிக்குடு."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது உங்களுக்கு யாரு சொன்னா?"

நான் சொல்லவில்லை. அடுத்த தடவை நானும் வருகிறேன் என்றேன். வாயிலிருந்து வந்தே விட்டது. "என்னையும் சேத்தா எம்புட்டு நேரம் கூடும்? கூட்டிப் பாத்துச் சொல்லு."

"பத்து நிமிஷம் ஆச்சி. அவ்வளவுதான்."

பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

வேலுவும் சுபாவும் வேலைக்குப் போய்விட்டார்கள், சுகந்தி கடைக்குப் போயிருக்கிறாள். சுபா கொடுத்த இந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சுகந்தியை மன்னித்துவிட்டேன். அன்று வேனில் எனக்குத் தலைவலி என்றார்கள், இவளுக்கு முழங்கால் வலி தோன்றியிருக்கிறது. வேலுவை மன்னிப்பதற்குக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் மன்னித்துவிடுவேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கையில் பண்டத்தோடு வருவதை அவன் யாரிடமிருந்து கற்றான் என்று இப்போது தெரியும். அப்போது அவனும் அந்த வேனில்தான் இருந்தான், மடியில். சுபாவிடம் கோபமே இல்லை. ஆறுமுகத்தாயிடம் மன்னிக்க ஒன்றுமில்லை. அவள் புருஷன் செத்த வீட்டில் என் பக்கம் நீட்டிய கையை அப்படியே விட்டுவிட்டு வந்தேனே, அதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரில் என் வீட்டுக்காரர் படம் இருக்கிறது. தினமும் பூ வைப்பேன். இன்று வைக்கவில்லை. ஃபிரிட்ஜில் மல்லிகை மிச்சம் இருக்கிறது, வாடினால் வாடட்டும்.

ஒவ்வொரு விசேஷத்திலும் ஆறுமுகத்தாய் வீட்டில் தண்ணீர்கூடத் தொடாமல் நான் எழுந்து வருவேன். பக்கத்தில்தான் நிற்பார்கள். குனிந்து செருப்பை மாட்டிக்கொள்வார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஒரு நாத்தனார் இருந்திருப்பாள், நான் எந்திரிக்க முடியாமல் கிடக்கிறேன் என்று கேட்டதும் ஆட்டோ பிடித்து ஓடி வருகிறவள். அவளை எனக்கு இல்லாமல் ஆக்கிவிட்டு, ஒற்றைப் பழத்தைக் கொடுத்து, சாகிறவரை என்னிடம் நல்ல பெயர் வாங்கினார்கள்.

அவுக என்று எழுத இன்று கை வரவில்லை. ஐந்தாவது வரை படித்த கையால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். முதலில் வாயால் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை, சத்தமாகவே சொன்னேன்.

நான் மன்னிக்கமாட்டேன் என்கிற ஒரே ஆள், வே. கழுகாசலம்.